படகின் உடல்: பாரம் குறைந்த பொருள் எவ்வளவு காலம் உழைக்கும்?



"படகு கட்டுவதற்கு மரத்திலும் பார்க்கக் கண்ணாடிநார் சிறந்தது. காரணங்கள் மூன்று தருக." இப்படியான வினாவைக் கொடுத்தால் வகுப்பில் எல்லோரும் ஒரே விடையைத்தான் எழுதுகிறீர்கள். பாரம் குறைந்தது. உக்காது. நீண்டகாலம் உழைக்கும். மூன்று காரணம், மூன்று புள்ளி. புள்ளி கிடைத்துவிடும், அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் எழுதிவிட்டு வீட்டுக்குப் போகும் வழியில் பள்ளிமுனைக் கரையில் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். கடலில் நிற்கும் பைபர் படகுகளுக்கு இந்தப் பக்கம், மணலில் கவிழ்த்துப் போட்டபடி கிடக்கும் பைபர் படகுகளும் உண்டு. அவற்றில் ஒன்றுகூட உக்கவில்லை. ஆனால் ஒன்றுகூடக் கடலுக்குப் போகவும் முடியாது. மூன்றாவது காரணம் உண்மையானால் அவை ஏன் அங்கே கிடக்கின்றன?

இந்தப் பாடம் அந்தக் கேள்விக்கான விடை. நான் கலைப்பட்டதாரி. விஞ்ஞானத்தை நானும் உங்களைப்போலப் புத்தகத்தைப் பார்த்துத்தான் படித்தேன். ஆகவே கடினமான இடங்களில் எனக்கு விளங்கிய முறையிலேயே சொல்கிறேன். விளங்காவிட்டால் வகுப்பில் கேளுங்கள்.

பாரக்குறைவு எங்கிருந்து வருகிறது?

முதலில் ஒரு சிறிய சோதனை. உடைந்த பைபர் படகின் துண்டொன்றை எடுத்து ஒரு வாளி கடல்நீரில் போடுங்கள். மிதக்கும் என்றுதான் பலர் சொல்வீர்கள். அது நேராக அடிக்குப் போய்விடும்.

காரணம் அடர்த்தி. படகுக்குப் பயன்படும் கண்ணாடிநாரின் அடர்த்தி ஒரு கன சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 2.55 கிராம். அதைப் பிணைக்கும் பொலியெஸ்ரர் ரெசினின் அடர்த்தி ஏறத்தாழ 1.2 கிராம். 100 கிராம் பைபர் துண்டில் 30 கிராம் நாரும் 70 கிராம் ரெசினும் இருப்பதாகக் கொள்வோம். நாரின் கனவளவு 30 ÷ 2.55 = 11.8. ரெசினின் கனவளவு 70 ÷ 1.2 = 58.3. மொத்தம் 70.1 கன சென்ரிமீற்றர். எனவே துண்டின் அடர்த்தி 100 ÷ 70.1, அதாவது 1.43. கடல்நீரின் அடர்த்தி 1.025. நீரிலும் அடர்த்தி கூடிய திண்மம் அமிழும்.

அப்படியானால் "பாரம் குறைந்தது" என்று எழுதியது பிழையா? பிழையில்லை, ஆனால் அரைகுறை. மரப்படகின் பலகை 25 மில்லிமீற்றர் தடிப்பு என்போம். மரத்தின் அடர்த்தி ஒரு கனமீற்றருக்கு 700 கிலோகிராம் என்றால், ஒரு சதுரமீற்றர் பலகையின் திணிவு 17.5 கிலோகிராம். பைபர் படகின் சுவர் 5 மில்லிமீற்றர்தான். ஒரு சதுரமீற்றருக்கு 1430 × 0.005, அதாவது 7.15 கிலோகிராம். பாதியிலும் குறைவு! பொருள் பாரம் குறைந்தது அல்ல. பொருளுக்கு உறுதி கூடியதால் அதை மெல்லியதாக வார்க்க முடிகிறது, மெல்லியதாக வார்ப்பதால் படகு பாரம் குறைகிறது. இந்த வேறுபாட்டை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். இனி வரப்போகும் எல்லாம் இதிலிருந்துதான் வருகின்றன.

பாரம் குறைந்த பொருளெல்லாம் படகுக்கு உதவுமா என்று கேட்பவர்கள் நம் ஊர்ப் பெருக்க மரத்தைப் பாருங்கள். சுற்றளவு 19 மீற்றருக்கு மேல், பார்க்க வெளிநாட்டவர்களும் வருகிறார்கள். அவ்வளவு பெரிய மரத்தில் ஒரு நல்ல பலகை எடுக்க முடியாது. அதன் உட்பகுதி பஞ்சுபோல நீரைத் தேக்கி வைப்பது, வெட்டினால் விரைவில் உக்கிவிடும். பாரக்குறைவும் உறுதியும் சேர்ந்து கிடைப்பது அபூர்வம். அதனால்தான் மனிதன் இரண்டு பொருள்களைச் சேர்க்க வேண்டி வந்தது.

நாரும் பிசினும்

கண்ணாடியை நூலாக இழுத்தால் இழுவிசையை நன்றாகத் தாங்கும், ஆனால் நூல் தானாக வடிவம் கொண்டு நிற்காது. ரெசின் வடிவம் கொண்டு நிற்கும், ஆனால் தனியே வார்த்தால் கீழே விழுந்து நொறுங்கிவிடும். இரண்டையும் சேர்த்தால் ஒன்றின் குறையை மற்றது ஈடுசெய்கிறது. மண்வீட்டுச் சுவருக்குக் களிமண்ணோடு வைக்கோல் சேர்த்துக் குழைப்பதும், கொங்கிறீற்றுக்குள் கம்பி வைப்பதும் இதே கொள்கைதான்.

படகு கட்டும் இடத்தில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அச்சுக்கு முதலில் மெழுகு பூசுவார்கள். அதன்மேல் நிறம் கலந்த ஜெல்கோட். பிறகு "மெற்" எனப்படும் நார்விரிப்பை வைத்து ரெசினால் நனைத்து, உருளையால் உருட்டிக் காற்றுக்குமிழ்களை வெளியேற்றுவார்கள். ஒரு சதுரமீற்றர் 450 கிராம் நிறையுள்ள மெற்றை மேற்சொன்ன விகிதத்தில் நனைத்தால் ஒரு மடிப்பு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் தடிப்பு வரும். ஐந்து மடிப்பு வைத்தால் 5 மில்லிமீற்றர். மடிப்பை எண்ணினால் தடிப்பு தெரிந்துவிடும்.

ரெசின் இறுகுவது ஓர் இரசாயனத் தாக்கம். திரவ நிலையில் உள்ள பல்பகுதியச் சங்கிலிகள் ஸ்ரைரீனால் குறுக்காகப் பிணைக்கப்பட்டு வலைபோல ஆகின்றன. இதைத் தொடக்கிவைக்க ஒரு கிலோகிராம் ரெசினுக்கு 10 முதல் 20 கிராம் வரையில் ஒரு பேரொட்சைட்டுச் சேர்க்கிறார்கள். கடையில் அதை ஊக்கி என்ற பெயரிலேயே விற்கிறார்கள். ஆனால் அது தாக்கத்தில் செலவாகிவிடுகிறது. ஊக்கியின் வரைவிலக்கணம் தெரிந்தவர்கள் அது உண்மையில் ஊக்கி அல்ல என்பதைக் கண்டுகொள்வீர்கள். தாக்கம் புறவெப்பத் தாக்கம், கலந்த பாத்திரத்தைத் தொட்டால் சுடும். மன்னார் வெயிலில் கூடுதலாகச் சேர்த்துவிட்டால் உருட்டி முடிப்பதற்குள் இறுகிவிடும். குறைத்துவிட்டால் மாதக்கணக்கில் முழுதாக இறுகாமல் மென்மையாகவே இருக்கும். இரண்டிலும் படகின் ஆயுள் குறைகிறது. வெளியே நிறம் பூசியபின் இரண்டும் கண்ணுக்குத் தெரியாது.

இப்படி வலைபோல இறுகும் பல்பகுதியத்தை வெப்பமிறுக்கும் பல்பகுதியம் என்கிறோம். இதை மீண்டும் உருக்க முடியாது. வெப்பமிளக்கும் பல்பகுதியத்துக்கு உதாரணம் தேவையானால், 2021இல் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தபோது மேற்குக் கரையில் ஒதுங்கிய வெள்ளை மணிகளை எழுதுங்கள். அவை பெரும்பாலும் பொலித்தீன் மணிகள், உருக்கி வார்ப்பதற்கென்றே கொண்டுவரப்பட்டவை.

பாறையில் மோதும் படகும் மணலில் உராயும் படகும்

உலகில் படகின் உடல் மிகக் கடுமையாக அடிவாங்கும் இடம் எது என்று தேடினால், பாறைகளுக்கிடையில் நுரைத்துப் பாயும் ஆறுகளில் செலுத்தும் சிறு துடுப்புப் படகுகளைத்தான் சொல்ல வேண்டும். நம் நாட்டில் களனி கங்கையில் கித்துல்கலையில் காற்றடைத்த இறப்பர் படகில் அவ்வாறு போகிறார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் திண்மமான உடலுள்ள ஒடுங்கிய படகில் போவார்கள். ஒருவர் தோளில் தூக்கிக்கொண்டு நடக்கவும் வேண்டும், பாறையில் அடிபட்டால் உடையாதிருக்கவும் வேண்டும். பாரமும் உறுதியும் நேருக்குநேர் மோதும் இடம் அது.

அங்கே பல பொருள்களைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கண்ணாடிநார் விறைப்பானது, வேகமாகப் போகும், பாறையில் அடிபட்டால் வெடிக்கும். பொலித்தீனில் வார்த்த படகு வளைந்து கொடுத்து நிமிரும், ஆனால் பாரம் கூடியது. றோயலெக்ஸ் என்ற பெயரில் ஒரு தகடு வந்தது. நடுவில் நுரை, இரு பக்கமும் கடினமான பிளாஸ்ரிக், வெளியே மென்மையான தோல் என்று பலகாரம்போல அடுக்கியது. பாறையில் சுற்றி மடிந்த படகைக்கூடத் தட்டி நிமிர்த்திக்கொண்டு போவார்கள். 2014இல் அதன் உற்பத்தி நின்றுவிட்டது. 1965இல் டுபொண்ட் நிறுவனத்தில் ஸ்ரெபனி குவோலெக் என்ற பெண் விஞ்ஞானியின் ஆய்விலிருந்து பிறந்த கெவ்லார் நாரும் உண்டு. அதன் அடர்த்தி 1.44 மாத்திரமே. ரெசின் வெடித்தாலும் நார் எளிதில் அறாது. ஆனால் விலை கூடியது, தேய்ந்த இடத்தைத் தேய்த்துச் சமப்படுத்தப் போனால் பஞ்சாகச் சிலும்பி நிற்கும்.

இதிலிருந்து நமக்கு என்ன? வளைந்து கொடுக்கும் பொருள் அடியைத் தாங்கும், விறைப்பான பொருள் பாரத்தைத் தாங்கும். பதினெட்டு அடிப் படகில் எஞ்சின் பூட்டி, வலையும் மீனும் ஏற்றிப் போக விறைப்பு வேண்டும். பொலித்தீனில் அந்த நீளத்துக்கு வார்த்தால் படகு நெளியும், பெரிய சூளையும் வேண்டும். உடைந்தால் ரெசின் அதில் ஒட்டாது. கரையிலேயே திருத்த முடிவதுதான் கண்ணாடிநாரின் பெரிய அனுகூலம். இதை விடையில் எழுதியவர்களை நான் இதுவரை காணவில்லை.

நம் படகுக்குப் பாறையாற்றின் அடி இல்லை. நமக்கு உள்ளது ஆழம் குறைந்த கடல். வற்று நேரத்தில் அடி மணலைத் தொடும், சில இடத்தில் முருகைக்கல்லைத் தொடும். ஒவ்வொரு நாளும் கரைக்கு இழுப்பதும் தள்ளுவதுமாக இருக்கும். ஒரே அடியில் உடைவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அரத்தால் அராவுவதுபோலத் தேய்கிறது.

தேய்வு என்ன செய்கிறது?

ஜெல்கோட்டின் தடிப்பு ஏறத்தாழ அரை மில்லிமீற்றர், விரல் நகத்தின் தடிப்பு. நீரையும் வெயிலையும் தடுப்பது அதுதான். வெயிலிலுள்ள கழியூதாக் கதிர்கள் அதைத் தாக்கும்போது பளபளப்புப் போய், கையால் தடவினால் சுண்ணாம்புபோல ஒட்டும். மணல் அதை அராவி முடித்ததும் நார் வெளியே தெரியும். நாருக்கும் ரெசினுக்கும் இடையிலுள்ள நுண்ணிய வெளிகளில், மயிர்த்துளைக் குழாயில் ஏறுவதுபோல நீர் ஏறுகிறது. இப்போது படகு பாரம் கூடுகிறது. "முந்தி நாலு பேர் தள்ளினோம், இப்ப ஆறு பேர் வேணும்" என்று உங்கள் ஐயா சொன்னால் வயது போனது அவருக்கு மட்டுமல்ல, படகுக்கும்தான்.

நீண்ட நாள் நீரில் நிற்கும் படகின் அடியில் கொப்புளங்கள் தோன்றுவதும் உண்டு. உயிரியலில் படித்த பிரசாரணத்தை இங்கே நினைவுகூருங்கள். ஜெல்கோட் மென்சவ்வுபோலத் தொழிற்பட்டு நீரை மெல்ல உள்ளே விடுகிறது. உள்ளே முழுதாக இறுகாத ரெசினிலிருந்து கரைந்த பொருள்கள் செறிவான கரைசலாக நிற்கின்றன. நீர் அங்கே நோக்கிப் போகிறது, அமுக்கம் கூடுகிறது, கொப்புளம் எழுகிறது. இது கடல்நீரிலும் பார்க்க நன்னீரில் கூடுதலாக நடக்கும். ஏனென்று நீங்களே யோசியுங்கள். செறிவு வித்தியாசம் எங்கே கூட?

இனித் தடிப்பின் கணக்கு. ஒரு தகட்டின் விறைப்பு அதன் தடிப்பின் மும்மடிக்கு விகிதசமம். 6 மில்லிமீற்றர் சுவர் 5 ஆகக் குறைந்தால் பொருள் ஆறில் ஒரு பங்கு, அதாவது 17 சதவீதம் குறைகிறது. விறைப்போ 216இலிருந்து 125 ஆகிறது. 42 சதவீதம் போய்விட்டது! ஒரு மடிப்பைக் குறைத்து விற்பவருக்கு அது சிறிய மிச்சம். அந்தப் படகில் ஏறுபவருக்கு அது பாதிப் படகு. ஒவ்வொரு அலைக்கும் சுவர் உள்ளும் புறமும் நெளிய, நெளியும் இடத்தில் நுண்வெடிப்புகள் பெருகும்.

2004 திசெம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இது நாடளாவிய பிரச்சினையாகவே வந்தது. மன்னார்க் கரையைச் சுனாமி பெரிதாகத் தாக்கவில்லை. ஆனால் கிழக்கிலும் தெற்கிலும் படகுகள் பெரும்பான்மையாக அழிந்தன. உதவி வந்தது, படகுகள் அவசர அவசரமாகக் கட்டப்பட்டன. அவற்றில் ஒரு பகுதி தரக்குறைவானவை என்று ஐக்கிய நாடுகள் உணவு விவசாய அமைப்பு அப்போதே கவலை தெரிவித்து, படகு கட்டுபவர்களுக்குப் பயிற்சியும் வழிகாட்டலும் கொடுக்க நேர்ந்தது. வடக்கில் ஒரு காலத்தில் காரைநகர் சீநோர் தொழிற்சாலை கண்ணாடிநார்ப் படகுக்குப் பெயர்பெற்றிருந்தது. பழைய சம்மாட்டிமார் அந்தப் பெயரை இன்றும் ஒரு தர முத்திரைபோலச் சொல்வார்கள்.

நிறைந்த படகு

இந்த இடத்தில் என் மாமாவின் படகைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் அப்போது பள்ளிக்கூடம் படித்துக்கொண்டிருந்தேன். படகு இரண்டாம் கைக்கு வாங்கியது. அணியத்துக்குக் கீழே ஒரு வெடிப்பு. வாடைக்காற்றுத் தொடங்கிவிட்டது, இடையிடையே மழை. தொழிலுக்குப் போகாமல் இருக்க முடியாது என்று அவசரமாக ஒருவரைப் பிடித்து மேலே ஒட்டுப் போட்டார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பதினைந்தாம் நாளோ பதினாறாம் நாளோ, கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில், ஒட்டு அப்பளம்போல முழுதாகக் கழன்று போனது.

அதற்குமேல் ஒரு விடயம். இருக்கைப் பலகைகளுக்குக் கீழே இருந்த நுரையை முன்னைய சொந்தக்காரர் வெட்டி எடுத்துவிட்டு, சாமான் வைக்கும் இடமாக்கியிருந்தார். மரவள்ளம் நிறைந்தாலும் மரம் மிதக்கும், கட்டுமரத்துக்கு அந்தப் பயமே இல்லை. பைபர் படகு நிறைந்தால் வாளிக்குள் போட்ட துண்டுபோலத்தான். மாமாவும் மற்றவரும் எண்ணெய்க் கான்களைக் கட்டிப் பிடித்தபடி பக்கத்துப் படகு வரும்வரை கிடந்தார்கள். ஆட்கள் தப்பினார்கள். படகும் எஞ்சினும் போயின. அம்மாவின் சங்கிலி அந்த எஞ்சினுக்காகத்தான் அடகில் இருந்தது. அது மீளவில்லை.

ஆக்கிமிடிசின் தத்துவத்தைக் கற்பிக்கும்போதெல்லாம் நான் அந்தக் கான்களைத்தான் கணக்காகக் கொடுப்பேன். வெற்றுப் படகின் திணிவு 280 கிலோகிராம், பைபரின் அடர்த்தி கனமீற்றருக்கு 1400 கிலோகிராம் என்போம். பைபரின் கனவளவு 0.2 கனமீற்றர். முழுதாக அமிழ்ந்தால் அது இடம்பெயர்க்கும் கடல்நீர் 0.2 × 1025, அதாவது 205 கிலோகிராம். எனவே மேலுதைப்புப் போக மிஞ்சுவது 75 கிலோகிராமின் நிறை. எஞ்சினுக்கும் சாமானுக்கும் இதேபோல மிஞ்சுவது 45 என்றால் மொத்தம் 120. ஒரு லீற்றர் நுரை நீருக்குள் ஏறத்தாழ ஒரு கிலோகிராமைத் தூக்கும். 120 லீற்றர் நுரை வேண்டும். இறுக்கி மூடிய 20 லீற்றர் வெற்றுக் கான்களாகச் சொன்னால் ஆறு. பிடித்துத் தொங்கும் ஆட்களுக்கும் சேர்த்து அதைவிடக் கூட வைக்க வேண்டும். உங்கள் வீட்டுப் படகில் இருக்கைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியுமா?

ஒட்டு ஏன் கழன்றது?

இறுகிய ரெசினின்மேல் புது ரெசின் பூசும்போது, பழைய வலையும் புதிய வலையும் இரசாயனமுறையில் பெரிதாகப் பிணைவதில்லை. புதியது பழையதன் சொரசொரப்பில் பற்றிக்கொண்டுதான் நிற்கிறது. பழைய பரப்பு வழுவழுப்பாகவோ, உப்புப் படிந்தோ, ஈரமாகவோ இருந்தால் பற்றுவதற்கு ஒன்றும் இல்லை. ஆகவே முதலில் நன்னீரால் கழுவி உப்பைப் போக்க வேண்டும். நன்றாக உலர வேண்டும், ஒரு நாள் வெயில் போதாது. பிறகு ஜெல்கோட்டையும் வெடித்த பகுதியையும் தேய்த்து எடுத்து, ஓரத்தைச் சரிவாக்க வேண்டும். சரிவின் அகலம் தடிப்பின் 12 மடங்கு இருந்தால் நல்லது. 5 மில்லிமீற்றர் சுவருக்கு ஒவ்வொரு பக்கமும் 60 மில்லிமீற்றர். பரப்பளவு கூடக்கூட ஒட்டுக்குப் பற்றும் இடமும் கூடுகிறது. மாமாவின் படகில் இவற்றில் ஒன்றும் நடக்கவில்லை. ஒட்டியவரைக் குறை சொல்வதைவிட, மழைக்காலத்தில் ஒட்டக் கேட்டவர்களையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். தேய்க்கும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளச் சொல்லுங்கள், கண்ணாடித் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

இனி, முதலில் கேட்ட கேள்வி. கரையில் கவிழ்ந்து கிடக்கும் படகுகள் உக்காததால்தான் கிடக்கின்றன. மரம் உக்கும், கடற்புழு துளைக்கும், ஆனால் கெட்ட பலகை கத்தி முனைக்கு இடம்கொடுத்துத் தன் நிலையைக் காட்டிவிடும். அந்தப் பலகையைக் கழற்றி மாற்றலாம், மிஞ்சியது விறகு. கண்ணாடிநார் வெளியே நிறத்தோடு இருக்கும்போதே உள்ளே மடிப்பு மடிப்பாகப் பிரிந்துவிடும். நாணயக் குற்றியொன்றால் சுவரைத் தட்டிப் பார்த்தால் நல்ல இடம் 'டிங்' என்றும் பிரிந்த இடம் 'டொக்' என்றும் கேட்கும். பழுதானபின் உருக்கவும் முடியாது, எரித்தால் நச்சுப் புகை. விடையில் "நீண்டகாலம் உழைக்கும்" என்று எழுதுபவர்கள் "தடிப்புக் குறையாமலும் நார் வெளித்தெரியாமலும் பேணினால்" என்ற சொற்களையும் சேர்த்து எழுதுங்கள். பிரதிகூலம் கேட்டால் மீள்சுழற்சி செய்ய முடியாமையை எழுதுங்கள்.

பயிற்சி

1. 450 கிராம் மெற்றில் ஆறு மடிப்பு வைத்துக் கட்டிய படகின் சுவர் தேய்ந்து 4 மில்லிமீற்றர் ஆகியுள்ளது. விறைப்பில் எத்தனை சதவீதம் எஞ்சியுள்ளது?

2. வெப்பமிறுக்கும், வெப்பமிளக்கும் பல்பகுதியங்களுக்கிடையிலான வேறுபாட்டை, உடைந்த பைபர் படகு ஒன்றையும் பொலித்தீன் கான் ஒன்றையும் கொண்டு விளக்குக.

3. சோழகக் காற்றுக் காலத்தில் பழைய படகொன்றுக்கு ஒட்டுப் போடுவதும் வாடைக் காலத்தில் போடுவதும் ஒரே பயனைத் தருமா? காரணம் தருக.

4. உங்கள் வீட்டாருடைய அல்லது அயலவருடைய படகொன்றை, அவர்களின் அனுமதியோடு, அணியத்திலிருந்து பின்பலகை வரை நாணயக் குற்றியால் தட்டிப் பாருங்கள். 'டொக்' என்று கேட்ட இடங்களை ஒரு படத்தில் குறித்து அடுத்த வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். படகுக்காரருக்கும் அந்தப் படத்தைக் காட்டிவிட்டு வாருங்கள்.